ஒரு கமாவைத் திருத்த

லினக்ஸ் கெர்னலில் ஒரு கமாவைத் திருத்த ஆசையா? தாராளமாக. யாரும் அனுப்பலாம். என்ன, மின்னஞ்சலில் வெறும் எழுத்தாக வர வேண்டும். எச்டிஎம்எல் வாசனை அடித்தால் வாசலோடு சரி. இதே கெர்னலுக்காகத்தான் 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் 'கிட்' என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியை எழுதினார். அதை வைத்து ஊர் உலகமெல்லாம் பொத்தானை அமுக்கித் திருத்தம் அனுப்புகிறது. கெர்னலுக்கு மட்டும் இன்னும் தபால்தான்.

உள்தள்ளலுக்கு டேப், எட்டு இடம். நான்கு போதாதா என்று கேட்டுவிடாதீர்கள். பை-யின் மதிப்பை மூன்று என்று மாற்றுவதற்குச் சமம் அது என்று நடைக்கையேட்டிலேயே திட்டியிருக்கிறார்கள். அடியில் உங்கள் கையொப்ப வரி கட்டாயம். தன் நிரல் லினக்ஸில் நுழைந்துவிட்டதென்று எஸ்சிஓ நிறுவனம் போட்ட வழக்கின் புண்ணியத்தில் 2004-இல் வந்த சடங்கு.

திருத்தத்தின் விளக்கத்தை ஏவல் வினையில் எழுத வேண்டும்: 'திருத்தினேன்' கூடாது, 'திருத்து'. மனுதாரர் அதிகாரத் தொனியில் எழுதியே தீரவேண்டிய தாலுகா ஆபீஸ் உலகில் இது ஒன்றுதான்.

பதில் வராவிட்டால் ஒரு வாரமாவது வாயைத் திறக்கக் கூடாது. வந்துவிட்டாலோ, 'கமா சரி. தலைப்பில் துணைஅமைப்பின் பெயரைக் காணோம். இரண்டாம் பதிப்பு அனுப்பவும்.'