மொய் நோட்டின்வழி வெளிக்கூட்டு எலக்ட்ரான்: ஒரு முன்னாய்வு

வேதிப்பிணைப்பு குறித்து இதுவரை எழுதியோர் அனைவரும் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து எழுதியவர்கள். ஆடி மாதத்தில் ஒருவரும் கீரமங்கலம் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. ஆகவே அவர்தம் முடிபுகள் அரைகுறை என்பது வெளிப்படை.

புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் வட்டாரத்தில் ஆடி பிறந்தால் மொய் விருந்துதான். பத்திரிகை அடித்து அழைப்பார்கள், கறிச்சோறு போடுவார்கள், வந்தவர் பணத்தை வைப்பார், நோட்டில் பெயர் ஏறும். பின்னொரு நாள் அவர் விருந்து வைக்கும்போது, வாங்கியவர் கொஞ்சம் கூட்டித் திருப்ப வேண்டும். வீட்டுக்குள் எத்தனை பேர் இருந்தாலும் பந்தலுக்கு வந்து கை நீட்டுகிறவரே கணக்கு. அணுவிலும் அஃதே. சோடியத்துக்கு எலக்ட்ரான்கள் 11. அடுக்கு 2, 8, 1. உள்ளே இருக்கும் பத்தும் பிணைப்பில் தலையிடா. வாசலில் நிற்கும் அந்த ஒன்றுதான் எல்லாம்.

முதற்கண் அயனிப் பிணைப்பு. சோடியம் ஒன்றைக் கொடுக்க, 2, 8, 7 என்றிருக்கும் குளோரின் அதை வாங்கி எட்டாக்கிக்கொள்ள, உப்பு பிறக்கிறது. இவ்விடத்தில் உரையாசிரியர் பலர் "சோடியம் கொடுக்க விரும்புகிறது" என எழுதி, கடையெழு வள்ளல்களோடு எட்டாமவராக அதைச் சேர்த்துவிடுகின்றனர். இக்கூற்றுப் பொருந்தாது என மறுக்க. ஒரு மோல் சோடியம் அணுக்களிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 496 கிலோஜூல் செலவு. குளோரின் வாங்கிக்கொண்டு தருவதோ 349தான். கணக்கில் 147 துண்டு விழுகிறது. பிறகு எப்படி நடக்கிறது? ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றி ஆறு குளோரைடு, ஒவ்வொரு குளோரைடைச் சுற்றி ஆறு சோடியம் என ஊரே கூடி வரிசையாக உட்காரும்போது 787 கிலோஜூல் வெளியே வருகிறது. ஒற்றை இலைக்கு நட்டம், பந்திக்கு லாபம். வள்ளன்மை யாண்டும் இல்லை.

இதற்கு மூலச் சான்று வடகாட்டு மொய் நோட்டு ஒன்று (நீலப் பேனாப் பிரதி, 43ஆம் பக்கம், குழம்புக் கறைக்கு வலப்புறம்). கறுப்புப் பேனாப் பிரதியில் அதே பெயருக்கு நேரே ஐந்நூறு என்பது ஐயாயிரம் எனப் பாடபேதம். மைத்துனர் வீட்டுப் பிரதியில் அந்தப் பக்கமே இல்லை. கறை குழம்பு அன்று, ரசம் என்பார் ஒரு சாரார். ரசம் வரும்போது நோட்டை மூடிப் பெட்டியில் வைத்திருப்பார்கள் என்பது அவர்க்கு மறுப்பு. எழுதியவரே பந்தியில் உட்கார்ந்திருந்தால்? அதனைத் தனி நூலில் ஆராய்ந்துள்ளோம் (அச்சில், எப்போதும் அச்சில்).

மொய் திரும்பும், எலக்ட்ரான் திரும்புமா என்றார் ஒரு மாணவர். உருகிய உப்பில் மின்சாரம் பாய்ச்சினால் குளோரைடு வாங்கியதைக் கக்கிவிடும். கேட்டது சரியான கேள்வி என்பதால் அவருடைய முனைவர் பட்டம் ஓராண்டு தள்ளிப்போனது.

அடுத்தது சகப்பிணைப்பு. குளோரினும் குளோரினும் சந்தித்தால் இரண்டுமே வாங்கும் கட்சி. ஆளுக்கு ஒன்றைப் பொதுவில் போட்டு, அந்த இரண்டையும் இருவருமே முழுசாகத் தம் கணக்கில் எழுதி எட்டு காட்டிக்கொள்வார்கள். இருவர் எழுதிய ஒரே கட்டுரையை இருவரும் தத்தம் பதவி உயர்வுப் படிவத்தில் முழுக் கட்டுரையாகக் காட்டும் மரபு இதனின்றே கிளைத்தது போலும். இணையைப் பங்கிடும் இச்சூட்சுமத்தைச் சொன்ன கில்பர்ட் லூயிஸ், அணுவை எட்டு மூலைக் கனசதுரமாக 1902இல் வரைந்து பார்த்தார், அச்சேற்றியது 1916இல். இன்றைக்கென்றால் மூலைக்கு ஒரு கட்டுரை வீதம் எட்டு தேற்றியிருப்பார்கள். நோபல் பரிசுக்கு அவர் பெயரை எத்தனையோ முறை எழுதிப் போட்டார்கள். அந்த மொய் திரும்பவேயில்லை.

உலோகப் பிணைப்பு: எல்லார் பணமும் ஒரே அண்டாவில், யாருடையது என்று கேட்கக் கூடாது.

எஞ்சியவை மந்த வாயுக்கள். வெளிக்கூடு நிறைந்தவர்கள், யார் பத்திரிகை வைத்தாலும் வரமாட்டார்கள் என்று பாடநூல்கள் சாதித்துவந்தன. 1962இல் நீல் பார்ட்லெட், பிளாட்டினம் ஹெக்சாஃபுளோரைடைக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் நின்றதும் செனான் மறுபேச்சின்றி எழுந்து வந்துவிட்டது. நியான் மட்டும் இன்றளவும் கடைத்தெருவில் விளக்காக எரிந்துகொண்டிருக்கிறது, இலைக்கு வரவில்லை.