ஆணி தேடும் சித்தப்பா

கல்யாண வீட்டுக்கு வந்து இறங்கியதும் காபி கேட்பவர்கள் உண்டு. போன் சார்ஜர் கேட்பவர்கள் உண்டு. சவரக்கத்திச் சித்தப்பா ஆணி கேட்பார். நெஞ்சுயரத்தில், வெளிச்சம் விழுகிற சுவரில், இழுத்தால் கையோடு வராத ஆணியாக இருக்க வேண்டும். காலண்டர் மாட்டிய ஆணியைக் காட்டினால் இரண்டு விரலால் அசைத்துப் பார்த்துவிட்டு, “இது முருகரைத் தாங்கும், வாரைத் தாங்காது” என்பார்.

உங்கள் குடும்பத்தில் இவர் பெரியப்பாவாகவோ ஒன்றுவிட்ட மச்சானாகவோ இருக்கக்கூடும். எங்களுக்கு வாய்த்தது மணமேல்குடிச் சித்தப்பா. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கட்டுமாவடி தாண்டி, கோட்டைப்பட்டினத்துக்கு முன்னால் வரும் ஊர். அவருடைய தாத்தா பினாங்கிலிருந்து கொண்டுவந்த மடக்குக் கத்தி இன்னும் வீட்டில் இருக்கிறது. அதன் அடியில் தேய்ந்த எழுத்தில் ‘சோலிங்கன்’. ஜெர்மனியில் இருக்கும் அந்த ஊரின் பெயரை, வேறெங்கோ செய்த கத்தியில் பொறிக்கக் கூடாதென்று 1938லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். இதை நாம் கேட்காமலே சொல்வார். சொல்லிவிட்டு, “நம்ம கருவாட்டுக்கு இப்படி ஒரு சட்டம் போட நாதி இருக்கா?” என்று பெருமூச்சு விடுவார்.

கத்தியால் யாருக்கும் தொந்தரவில்லை. மடக்கினால் சட்டைப்பைக்குள் அடங்கிவிடும். தொந்தரவெல்லாம் அதைத் தீட்டும் தோல்வாரால்தான். இந்த மாதிரிக் கத்தியை ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னால் தோலில் இழுத்தாக வேண்டும். முதுகுப்பக்கம் முன்னே போக, கூர் பின்னால் வர வேண்டும். கோடியில் திருப்பும்போது முதுகின் மேலேயே புரட்ட வேண்டும். கூரின் மேல் புரட்டினால் வார் அறுந்து போகும். முதலில் துணிப்பட்டையில் கொஞ்சம், அப்புறம் தோலில் நாற்பது ஐம்பது இழுப்பு. சாணைக்கல் வேலை வேறு, இது வேறு. கல் இரும்பைத் தின்னும், தோல் கூரை நேராக்கி மெருகேற்றும். வார் தொய்ந்தால் கூர் மழுங்கிவிடும், அதனால்தான் ஆணி உறுதியாக இருக்க வேண்டும் என்கிறார். சாஸ்திரம் சரிதான். சாஸ்திரம் சரியாக இருப்பவரோடு வாதாட முடியாது என்பதுதான் வீட்டில் உள்ளவர்களின் துயரம்.

ஒரு காலத்தில் சலூன் நாற்காலியின் பக்கவாட்டில் இந்த வார் தொங்கும். தொண்ணூறுகளில் எய்ட்ஸ் பயம் பரவியபோது, பிளேடைப் பாதியாக ஒடித்துச் செருகும் கத்தி எல்லாக் கடையிலும் வந்துவிட்டது. வார் போன இடம் தெரியவில்லை. சித்தப்பா மட்டும் விடவில்லை. கடைத்தெரு சலூன்காரர் ஒருநாள் நேரிலேயே சொல்லிவிட்டார்: “அண்ணே, நீங்க தீட்டி முடிக்கிறதுக்குள்ள நான் நாலு தலைய முடிச்சிருவேன்.”

வீட்டில் இருக்கிற வார் மூன்று அங்குல அகலம், இரண்டடி நீளம், கொல்லைக் கதவின் நாதாங்கியில் மாட்டியது. அதைச் சுருட்டி பையில் வைத்தால் பாதி இடம் போய்விடும். மடித்தால் மடிப்பு விழும், மடிப்பில் கத்தி தட்டும். ஆகவே பயணத்துக்கென்று தனியாக ஒரு வார் வேண்டும். இந்த முடிவை எடுத்த நாளிலிருந்து சித்தப்பா பயணம் போவதே வாரைச் சோதிக்கத்தான் என்று சித்தி நினைக்கிறார்.

முதலில் இரண்டு அங்குல அகலத்தில் குட்டி வார் ஒன்று வாங்கினார். கத்தியின் நீளம் அதில் முழுதாகப் படியாது, குறுக்காக இழுக்க வேண்டும். அதையும் பழகினார். குதிரைத்தோல் நல்லதா மாட்டுத்தோல் நல்லதா என்று ராத்திரி பகலாக யோசித்தார். ஜப்பான் வார் என்பார், அமெரிக்க வார் என்பார். ஆம்பூர், வாணியம்பாடி, திண்டுக்கல் எல்லாம் இருக்கிற மாநிலத்தில் உட்கார்ந்துகொண்டு! ஆவாரம்பட்டையில் பதனிட்ட நம்மூர்த் தோல் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி லண்டன் சந்தைக்குப் போன கதையை எடுத்துச் சொன்னேன். வாருக்கு ஏற்றது பட்டையில் பதனிட்ட தோல்தான், குரோமில் பதனிட்டது இழுபடும் என்பதில் அவருக்கும் சம்மதம். கடைசியில் அறந்தாங்கியில் மரத்தடியில் செருப்புத் தைப்பவர் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். சித்தப்பா அதை மோந்து பார்த்து, கன்னத்தில் தேய்த்து, வெயிலில் பிடித்துப் பார்த்து வாங்கினார். பெண் பார்க்கப் போனபோது இதில் கால்பங்குகூடப் பார்க்கவில்லை என்று சித்தி சொன்னார்.

அந்த வாருக்கு ஆயுள் குறைவு. மணமேல்குடியிலிருந்து யாரும் வெறுங்கையோடு உறவினர் வீட்டுக்குப் போவதில்லை. நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலமும் வாரும் ஒரே பையில் சென்னை போயின. தோலுக்கு வாசனையைக் குடிக்கும் குணம் உண்டு. மறுநாள் சம்பந்தி வீட்டு முற்றத்தில் சித்தப்பா நாற்பது இழுப்பு இழுத்து முடித்து நிமிர்ந்தபோது, எதிரே தெருப்பூனை உட்கார்ந்திருந்தது.

ரயில் கதையைச் சொல்லாமல் விட முடியாது. புதுக்கோட்டையில் இரவு ஏறினோம். விடியற்காலையில் மேல் படுக்கையின் சங்கிலியில் வாரை மாட்டிக்கொண்டு, கத்தியை விரித்து, சரக் சரக்கென்று ஆரம்பித்துவிட்டார். எதிர்ப் படுக்கைக்காரர் கண் விழித்தார். விழித்தவர் எழவில்லை, போர்வையை மெதுவாகக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். டிக்கெட் பரிசோதகர் வந்து, “ஐயா, வண்டியில சவரம் பண்ணாதீங்க” என்றார். சித்தப்பாவுக்கு வந்ததே கோபம். “ஓடுற வண்டியில சவரம் பண்ண நான் என்ன பைத்தியமா? தீட்டத்தான் செய்றேன்!”

திருச்சியில் விமானம் ஏறி மகளைப் பார்க்க சிங்கப்பூர் போனபோது, கத்தியைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிட வேண்டும், கைப்பையில் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தோம். கேட்டார். வாரை மட்டும் பிரிய மனமில்லாமல் கைப்பையில் வைத்துக்கொண்டார். சோதனையில் அதை வெளியே எடுத்து விரித்தார்கள்.

“பெல்ட்டா சார்?”

“இல்ல, க…”

“பேரனோட பெல்ட்டுங்க” என்று சித்தி முந்திக்கொண்டார். நாற்பது வருஷ இல்லறத்தில் புருஷனை அவர் காப்பாற்றியதில் அதுவே உச்சம்.

பிளேடு மாற்றும் சவர சாதனத்தை ஜில்லெட் விற்க ஆரம்பித்த 1903ஆம் ஆண்டில், மொத்தம் போணியானது 51தானாம். “மீதி உலகம் பூரா அப்ப என் கட்சி” என்பார் சித்தப்பா. ஊர்ப்பெருமையையும் துணைக்கு அழைப்பார். அறுபத்துமூவரில் ஒருவரான குலச்சிறை நாயனார் பிறந்தது மணமேல்குடி. நின்றசீர் நெடுமாற பாண்டியனின் அமைச்சர் அவர். மன்னன் சமணர் பக்கம் சாய்ந்திருந்தபோது சைவத்தின் பக்கம் நின்றவர். சமண முனிவர்கள் தலைமுடியைக் கையால் பறித்துக்கொள்வது வழக்கம். “அப்ப எங்க ஊர்க்காரர் எந்தப் பக்கம்? கத்திப் பக்கம்!” பெரியபுராணத்தில் இதற்கு ஆதாரம் தேட வேண்டாம்.

என் கட்சி எதுவென்று கேட்டால், பயணத்துக்குத் தொங்கும் வாரே வேண்டாம். ஓரடி நீளப் பலகையில் தோலை ஒட்டிய தீட்டுப்பலகை போதும். ஆணி கேட்காது, தொய்யாது, மடிப்பு விழாது. மடியில் வைத்தே இழுக்கலாம். மழைக்காலத்தில் மட்டும் பூசணம் பிடிக்காமல் துணியில் சுற்றி, கத்திக்குத் துளி எண்ணெய் தடவி வைக்க வேண்டும். கடற்கரை ஊரில் ஒரே ராத்திரியில் துரு ஏறிவிடும். இதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். “பலகையில கொடுக்கல் வாங்கல் இல்லப்பா” என்றார். என்ன அர்த்தம் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் மத்தியானச் சாப்பாடு தள்ளிப்போயிருக்கும்.

பலகையும் இல்லை, வாரும் இல்லை என்ற நெருக்கடிக்கு தினசரி இருக்கிறது. தினத்தந்தியை நாலாக மடித்து மேஜை விளிம்பில் வைத்து இழுத்தால் ஓரளவு கூர் வரும். சித்தப்பாவே செய்து காட்டியிருக்கிறார். வழவழப்பான ஞாயிறு இணைப்பு ஆகாது, வெறும் அச்சுத்தாள்தான் வேண்டும். இடுப்பு பெல்ட்டில் இழுக்கலாம் என்று சினிமா பார்த்துவிட்டு யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மேல்பூச்சும் தையலும் கூரைக் கெடுக்கும். அதோடு கால்சட்டையும் நழுவும்.

அடுத்த முகூர்த்த மாதத்தில் உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒருவர் வந்து இறங்கலாம். ஜன்னல் ஓரச் சுவரில் இரண்டரை அங்குல ஆணி ஒன்றை இன்றைக்கே அடித்து வையுங்கள். குளியலறை டைல்ஸில் பிளாஸ்டிக் ஒட்டுக் கொக்கி இருந்தால் கழற்றி ஒளித்துவிடுங்கள். அவர் கண்ணில் பட்டால் கொக்கியும் போகும், டைல்ஸும் போகும். படித்து முடித்த தினத்தந்தியை மட்டும் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள்.