விலை மூக்குக்குத்தான்!

கேள்வி: ட்ரஃபிள் என்பது கிழங்கா, காளானா?

பதில்: பூஞ்சை. காளானுக்குப் பங்காளி முறை. மண்ணுக்கு மேலே குடை விரிக்காமல் உள்ளேயே உருண்டையாக உட்கார்ந்துவிடும். ஓக், ஹேசல் போன்ற மரங்களின் வேரோடு கொடுக்கல் வாங்கல் உண்டு: மரம் சர்க்கரை தரும், இது மண்ணிலிருந்து நீரையும் தாது உப்புகளையும் இழுத்துத் தரும்.

கேள்வி: பிரான்ஸின் பெரிகோர் கறுப்பு ட்ரஃபிளுக்குத்தான் ஏக மவுசாமே! ஆள் பார்க்க எப்படி?

பதில்: அழகிப் போட்டிக்கு அனுப்ப முடியாது. 1831-ல் இத்தாலியரான விட்டாடினி வைத்த அறிவியல் பெயர், ட்யூபர் மெலனோஸ்போரம். ஒழுங்கான உருண்டைகூட இல்லை. பெரும்பாலும் 10 சென்டிமீட்டரைத் தாண்டாது. தோல் கறுப்பு, தடவினால் சொரசொரப்பு. உற்றுப் பார்த்தால் அத்தனையும் சில மில்லிமீட்டர் அகலக் குட்டிப் பிரமிடுகள்.

அறுத்த பிறகுதான் விஷயமே இருக்கிறது. பிஞ்சில் வெளுத்திருக்கும் சதை, குளிர்காலத்தில் முற்றும்போது ஊதா கலந்த கறுப்பாகும். அதில் மெல்லிய வெள்ளை நரம்புகள் கிளை பிரிந்து நெளிந்து ஓடும். வெட்டிக் காற்றுப்படும்படி வைத்தால் அந்த வெள்ளை மெல்லச் சிவந்து பழுப்பேறும். மைக்ராஸ்கோப்பில் வைத்தால் குட்டிக் குட்டிப் பைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் முள் முள்ளாகச் சில வித்துகள்.

கேள்வி: பெண் பன்றிக்கு ட்ரஃபிள் மேல் காதல் என்கிறார்களே, நிஜமா?

பதில்: 1981-ல் ஜெர்மன் ஆராய்ச்சியாளர்கள் ட்ரஃபிளில் ஒரு ஸ்டீராய்டைக் கண்டுபிடித்தார்கள். ஆண் பன்றியின் எச்சிலிலும் அதே சரக்கு. விடுவார்களா? காதல் கதை பிறந்துவிட்டது. 1990-ல் பிரான்ஸின் தியரி தாலூ குழு கதையைச் சோதித்துப் பார்த்தது. மண்ணுக்குள் ட்ரஃபிள் ஓரிடம், பன்றி ஹார்மோன் வாசனை ஓரிடம், டைமெத்தில் சல்ஃபைடு என்ற கந்தகச் சேர்மம் ஓரிடம் என்று புதைத்தார்கள். பன்றி ட்ரஃபிளையும் கந்தகத்தையும் தோண்டியது. ஹார்மோனைச் சீந்தவே இல்லை. ஆக, பசிதான்!

ட்ரஃபிளுக்கு வேண்டியதும் அந்தப் பசியே. மண்ணுக்குள் காற்று வந்து வித்தைத் தூக்கிப் போகாது. யாராவது மோப்பம் பிடித்து, தின்று, வேறு இடத்தில் கழித்தால்தான் வம்சம் தழைக்கும். இன்று தேடும் வேலையைப் பெரும்பாலும் நாய்களே பார்க்கின்றன. பன்றி கண்டுபிடித்ததை முதலாளிக்கு மிச்சம் வைக்காது. நாய்க்கு ஒரு பிஸ்கெட் போதும்.

கேள்வி: இவ்வளவு விலை விற்பதைத் தோட்டம் போட்டு வளர்த்தால் என்ன?

பதில்: 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரான்ஸில் ஜோசப் தலோன் என்ற விவசாயி வளர்த்துவிட்டார். ட்ரஃபிள் கிடைத்த ஓக் மரத்தடி விதைகளைக் கொண்டுபோய் நட்டார், அவ்வளவுதான் தொழில்நுட்பம். ஆனால் சுண்ணாம்புச் சத்துள்ள மண் வேண்டும், வருடக்கணக்கில் பொறுமை வேண்டும். பூஞ்சை நன்றாகப் பிடித்துவிட்டால் மரத்தைச் சுற்றிப் புல்பூண்டு கருகி வட்டமாக ஒரு வெற்றிடம் தெரியும். தோட்டக்காரருக்கு அதுவே நல்ல சகுனம். ஆஸ்திரேலியாவில் 1999-ல் டாஸ்மேனியா தீவில் முதல் அறுவடை கிடைத்தது.

கேள்வி: இதிலும் போலி உண்டா?

பதில்: விலை இருக்கும் இடத்தில் போலி இல்லாமலா? ட்யூபர் இண்டிகம் என்ற ஆசிய ரகம். பெயரிலேயே நம் நாடு! இமயமலைப் பகுதியில் கிடைத்ததை வைத்து 1892-ல் பெயரிட்டார்கள். இப்போது சீனாவிலிருந்து ஐரோப்பாவுக்கு மலிவாகப் போகிறது. கறுப்புத் தோல், வெள்ளை நரம்பு, முள் வித்து எல்லாம் அச்சு அசல். மணம்தான் சோகை. பெரிகோர் ட்ரஃபிளோடு கலந்து வைத்தால் மூக்கு ஏமாறும், பர்ஸ் அழும். இத்தாலியில் ஒரு ட்ரஃபிள் தோட்டத்து மண்ணிலேயே இந்த ஆசாமி குடியேறியிருப்பது 2008-ல் தெரியவந்தது.

கேள்வி: சாக்லேட் ட்ரஃபிளில் எத்தனை சதவீதம் ட்ரஃபிள்?

பதில்: பூஜ்யம். உருவ ஒற்றுமைக்காகக் கிடைத்த பெயர்.

கேள்வி: சூப்பர் மார்க்கெட்டில் ட்ரஃபிள் எண்ணெய் பார்த்தேன். வாங்கலாமா?

பதில்: லேபிளைத் திருப்பிப் படியுங்கள். 'அரோமா', 'ஃப்ளேவர்' என்று இருந்தால் அநேகமாக 2,4-டைதயாபென்டேன். இத்தாலிய வெள்ளை ட்ரஃபிளின் முக்கிய மணம் அது. பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் ஆலையில் தயாரித்தது. அதே காசுக்கு மரச்செக்கு நல்லெண்ணெய் வாங்குங்கள்.