வெள்ளிக்கிழமை வந்தால் கடிதம் வரும்

இல்ஃபோர்டு, லண்டன்
அக்டோபர் கடைசி வாரம்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

பெரியம்மாவின் முழங்கால் வலி தேவலையா? அக்கா மகளுக்கு ஜாதகம் பொருந்திவிட்டது, தையில் முகூர்த்தம் பார்க்கப் போகிறோம் என்று எழுதியிருந்தீர்கள். ரொம்ப சந்தோஷம். அதைப் பற்றிக் கடைசியில் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறேன். முழுக் கடிதத்தையும் படித்து முடிக்கும் வரை ஜோசியர் வீட்டுக்குக் கிளம்ப வேண்டாம்.

"பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள்?" என்று ஒரு வரி கேட்டிருந்தீர்கள். ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் கேட்கிற கேள்வி, மழுப்ப முடியாது. ஆனால் எனக்கு அது தெரியாது. பள்ளிக்கூடத்தில் ஒன்றும் சொல்வதில்லை என்று நினைத்துவிடாதீர்கள். வாரம் தவறாமல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனுக்குக் கடிதம் வந்து விழுகிறது. போதாதென்று இடையில் நினைவூட்டல், அந்த நினைவூட்டலுக்கு ஒரு திருத்தம். நீங்கள் கேட்ட அந்த ஒன்றைத் தவிர எல்லாமே அதில் இருக்கும்.

நம் ஊரில் பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்குச் சேதி வந்தால் பையன் மண்டையை உடைத்துக்கொண்டான், இல்லையென்றால் அடுத்தவன் மண்டையை உடைத்துவிட்டான் என்று அர்த்தம். இங்கே வாசலில் மஞ்சள் நெளிகோடு போட்ட இடத்தில் காரை நிறுத்தாதீர்கள், ஸ்வெட்டரில் பெயர் தையுங்கள், பிறந்தநாளுக்கு மிட்டாய் வேண்டாம், கடலை சேர்ந்த எதுவும் வாசல் தாண்டக் கூடாது என்று போகிறது. பெரியம்மா அனுப்பிய கடலை உருண்டையை நானே தின்று தீர்க்க வேண்டியதாகிவிட்டது. அந்த விதியில் மட்டும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

போன வாரம் பேன் சமாச்சாரம். "உங்கள் குழந்தையின் வகுப்பில் ஒருவருக்குப் பேன் இருப்பதாகத் தெரிய வந்திருக்கிறது" என்று, பெயரைச் சொல்லாமல், துக்கச் செய்திக்குரிய மரியாதையோடு எழுதியிருந்தார்கள். கண்டிஷனர் தடவி, ஈரத் தலையைப் பேன் சீப்பால் வாருங்கள், பேனைக் காரணம் காட்டிப் பிள்ளையை வீட்டில் நிறுத்தாதீர்கள் என்பது இந்த நாட்டு அரசு மருத்துவச் சேவையின் யோசனை. நீங்களாக இருந்தால் எழுப்பி நிறுத்தி, "உங்க வீட்டுல சீப்பை அடகு வச்சுட்டாங்களாடா?" என்று கேட்டு அரை நிமிஷத்தில் முடித்திருப்பீர்கள். இங்கே அந்த ஒருவர் யார் என்று அம்மாக்களின் வாட்ஸ்அப் குழு நாள் கணக்கில் துப்புத் துலக்கிற்று.

அதற்கு முன்னால் அறுவடைத் திருநாள் வந்தது. தலைப்பைப் பார்த்ததும் உங்கள் மருமகள் பொங்கல் பானையைப் பரணிலிருந்து இறக்கிவிட்டாள். கீழே வாசித்தால், வீட்டுக்கு ஒன்றிரண்டு டின் உணவு கொடுத்தனுப்புங்கள் என்று இருந்தது. டின்னில் அடைத்த பீன்ஸ், டின்னில் அடைத்த சூப். இல்லாதப்பட்டவர்களுக்குப் போய்ச் சேர்கிறது, நல்ல காரியம்தான். இருந்தாலும் தகர டப்பாவில் அறுவடையைக் கொண்டாடுவது தஞ்சாவூர்க்காரன் கண்ணுக்குப் பழக நாளாகும். இனி நவம்பர். கேலி, அடாவடிக்கு எதிரான வாரத்தில் ஜோடி சேராத சாக்ஸ் போட்டு வரச் சொல்வார்கள். எந்த முன்னேற்பாடும் இல்லாமல் எங்கள் வீடு தயாராக இருக்கும் நாள் வருஷத்தில் அது ஒன்றுதான். பிறகு பி.பி.சி.யின் குழந்தைகள் நிதிக்காகப் புள்ளி போட்ட சட்டை, டிசம்பரில் கிறிஸ்துமஸ் ஸ்வெட்டர். போகிற இடமெல்லாம் ஆளுக்கு ஒரு பவுண்டு.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் பெரியப்பா, கரடியைத்தான் பொறுக்க முடியவில்லை.

சின்னவன் வகுப்பில் ஒரு கரடிப் பொம்மை இருக்கிறது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு பிள்ளையோடு வீட்டுக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை திரும்பும். கூடவே ஒரு நோட்டு. சனி, ஞாயிறில் கரடி என்னென்ன செய்தது என்று குடும்பம் உட்கார்ந்து எழுதி, போட்டோ ஒட்ட வேண்டும். எங்கள் முறை வந்தபோது உங்கள் மருமகள் பழைய பக்கங்களைப் புரட்டினாள். ஒரு வீட்டார் கரடியைப் பாரிஸுக்கு அழைத்துப் போய் ஈபிள் கோபுரத்துக்கு முன்னால் நிறுத்தியிருந்தார்கள். இன்னொரு வீட்டில் அது பனியில் சறுக்கியது. மற்றொருவர் வீட்டில் தாத்தாவின் பண்ணைக்குப் போய் ஆட்டுக்குட்டிக்குப் பால் புகட்டியது. எங்கள் சனிக்கிழமை என்பது துணி துவைப்பது, தமிழ்க் கடையில் முருங்கைக்காய் விலை கேட்டுவிட்டு வாங்காமல் வருவது, மத்தியானம் தூங்குவது. இதை நோட்டில் எழுதினால் தமிழ்க் குடும்பங்களின் மானம் என்னாவது என்று அவள் கேட்டாள். வீடு முழுக்கக் கழுவித் துடைக்கப்பட்டது. என் மாமனார் வந்தபோதுகூட இந்த ஏற்பாடு நடந்ததில்லை. ஈஸ்ட்ஹாம் முருகன் கோயிலுக்குக் கரடியோடு போனோம். அர்ச்சகர் லண்டனில் எல்லாம் பார்த்தவர். ஒன்றும் கேட்காமல் கரடி நெற்றியிலும் விபூதியைப் பூசினார். ஞாயிற்றுக்கிழமை வாழையிலை போட்டு, கரடியை முதல் இலையில் உட்காரவைத்து, வடை பாயசத்தோடு படம் பிடித்தோம். முதல் வடை கரடிக்குப் போனதில் சின்னவன் அழுத அழுகை நோட்டில் சேர்க்கப்படவில்லை.

ஆசிரியை "எவ்வளவு அருமையான வாரக்கடைசி!" என்று எழுதியிருந்தார். ஆட்டுக்குட்டிக்கும் அதையேதான் எழுதியிருக்கிறார். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமைக் கடிதத்தில் விபூதியோடு கரடியின் படம் வந்துவிட்டது. நம் குடும்பத்திலேயே லண்டனில் அச்சேறிய முதல் முகம் அதுதான். பள்ளி வாசலில் ஓர் அம்மா, கேக் செய்தீர்களா, கரடி மூக்குக்கு மேலே மாவு ஒட்டியிருக்கிறதே என்று விசாரித்தார்.

புத்தக நாளையும் சொல்ல வேண்டும். உலகமெல்லாம் ஏப்ரல் 23 என்றால் இவர்களுக்கு மார்ச் முதல் வியாழன். ஏப்ரலில் ஈஸ்டர் விடுமுறை குறுக்கே வந்துவிடுமாம். அன்றைக்கு எல்லாரும் ஏதாவதொரு கதையில் வருகிறவர்களாக வேஷம் போட்டு வர வேண்டும். பெரியவள் பரமார்த்த குருவின் சீடனாகப் போனாள். நாலு முழ வேஷ்டி, கையில் சிவப்புக் காகிதம் சுற்றிய கொள்ளிக்கட்டை. ஆறு தூங்குகிறதா என்று கொள்ளியால் சோதித்துப் பார்க்கிற கதையை வகுப்பில் சொல்லியிருக்கிறாள். எழுதினவர் இத்தாலிக்காரப் பாதிரியார் என்று அவள் சொன்னதைத்தான் ஒருவரும் நம்பவில்லை.

படிப்பு எங்கே என்று நீங்கள் பல்லைக் கடிப்பது இங்கே கேட்கிறது. இருக்கிறது. சின்னவன் வகுப்பில், ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்கு, எழுத்துக் கூட்டி வாசிக்கும் சோதனை ஒன்று 2012 முதல் உண்டு. மொத்தம் 40 வார்த்தை, அதில் 20 அர்த்தமே இல்லாதவை. மனப்பாடமாகச் சொல்லாமல் எழுத்தைப் பார்த்து வாசிக்கிறானா என்று பிடிப்பதற்காக அப்படி. அர்த்தமில்லாத ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஏதோ ஒரு விசித்திர ஜந்துவின் படம் போட்டிருக்கும். பயிற்சித் தாள் வீட்டுக்கு வருகிறது. நான் அலுவலகம் விட்டு வந்து அந்த ஜந்துக்களின் பெயரைப் படித்துக் காட்டினால், உச்சரிப்பு சரியில்லை என்று அவன் திருத்துகிறான். பெரியவளுக்கு வருகிற ஜூனில் வாய்ப்பாட்டுச் சோதனை. 12 x 12 வரைக்கும்தான். 25 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 6 விநாடி, கம்ப்யூட்டர் முன்னால். 2022-லிருந்து இங்கிலாந்துப் பள்ளிகளுக்கு இது கட்டாயம். தேர்ச்சி மதிப்பெண் என்று ஒன்று கிடையாது! பதினாறாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாக ஒப்பிக்கவைத்த உங்களிடம் இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஆசிரியரைப் பார்க்க ஆளுக்கு 10 நிமிஷம் தருவார்கள். பெரியவளுக்காகப் போன வாரம் போனோம். பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்து, "வகுப்பில் எத்தனாவது?" என்று கேட்டேன். அவள் மிகவும் அன்பானவள், வரிசையில் நிற்கும்போது மற்றவர்களுக்கு வழி விடுகிறாள் என்றார். நான் கேட்ட வரிசை வேறு என்று சொல்வதற்குள் நேரம் முடிந்துவிட்டது. இவர்கள் பிள்ளையைப் பிள்ளையோடு ஒப்பிடுவதில்லை. எனக்கு இது முழுசாகப் பிடிக்கவும் இல்லை, தப்பென்று சொல்லவும் வரவில்லை. இரண்டு பேரும் காலையில் பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிறார்கள். நான் உங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒருநாளும் ஓடினதில்லை.

சாப்பாட்டுக்கும் குறையில்லை. லண்டனில் 2023 செப்டம்பரிலிருந்து அரசுத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்குமே மத்தியானச் சோறு இலவசம். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டுவந்தபோது நீங்கள் ராத்திரி உட்கார்ந்து அரிசிக் கணக்கு எழுதியதைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். "அங்கே வெள்ளிக்கிழமை மீன் வறுவல் உண்டா?" என்று சின்னவன் கேட்டான்.

இப்போது முகூர்த்தத்துக்கு வருகிறேன். இங்கே பள்ளி நாளில் பிள்ளைகளை ஊருக்கு அழைத்துப் போனால் அபராதம். அரை நாளை ஒன்று என்று எண்ணி, 10 பள்ளி வாரத்துக்குள் அப்படி 10 சேர்ந்தால் நோட்டீஸ் வரும். ஒரு பிள்ளைக்கு, ஒரு பெற்றோருக்கு 80 பவுண்டு. 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளை, இரண்டு பெற்றோர். பெருக்கிப் பாருங்கள், வாய்ப்பாடு உங்களுக்குத் தெரியும். கல்யாணத்துக்குப் போனேன் என்றாலும், சீர் வைக்க வேண்டிய தாய்மாமன் முறைக்கு நான் ஒருவன்தான் என்றாலும், இவர்கள் கேட்க மாட்டார்கள். சரி, விடுமுறையில் வரலாம் என்றால் கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் விடுகிறார்கள், அது மார்கழி. கோடைக்கு ஆறு வாரம் விடுகிறார்கள், பாதிக்கு மேல் ஆடியில் போய்விடுகிறது. நமக்கு ஆகாத மாதமாகப் பார்த்து லீவு விட்டிருக்கிறார்கள்.

மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலுமாக ஈஸ்டருக்கு இரண்டு வாரம் வருகிறது. அது பங்குனி. அதை ஒட்டி, வாத்தியார்கள் மட்டும் பயிற்சிக்கு வந்து பிள்ளைகளுக்கு விடுமுறை விடுகிற நாள் ஒன்றும் இருக்கிறது. இத்தனை வெள்ளிக்கிழமைக் கடிதங்களில் எனக்கு உருப்படியாகக் கிடைத்த ஒரே தகவல் இதுதான். தேதிகளைத் தனித் தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். தையை விட்டுவிட்டு, அந்த இரண்டு வாரத்துக்குள் ஒரு முகூர்த்தம் பார்த்துத் தரும்படி ஜோசியரிடம் சொல்லுங்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் நீங்கள் பேசினால் ஒத்துக்கொள்வார்கள். டிக்கெட் விலை ஏறிக்கொண்டே போகிறது, பதிலைச் சீக்கிரம் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி மகன்