மஞ்சள் சுவர் இருக்கா?

தரங்கம்பாடியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். 1620-இல் எழும்பிய டேனிஷ் கோட்டை, 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்கு, 1715-இல் அவர் அச்சேற்றிய தமிழ்ப் புதிய ஏற்பாடு என்று எல்லாம் படித்துத் தயாராக இருந்தேன். ஆனால் கார் மச்சினனுடையது.

"காலைல நாலு மணிக்கு டாண்ணு கிளம்பிடணும் மாமா" என்றான். குன்றத்தூரில் நாலு மணி என்றால் ஏழரை. வண்டலூர் போய், கேளம்பாக்கம் வழியாகக் கோவளத்தில் ஈ.சி.ஆரைப் பிடித்தோம். மாமல்லபுரம் "பார்த்ததுதானே." சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கோட்டை இருக்கிறது என்றேன். "அங்க என்ன மாமா இருக்கு?" என்றான். கோட்டைதான் இருக்கிறது என்றேன். வண்டி நிற்கவில்லை.

நின்றது புதுச்சேரியில், மஞ்சள் சுவருக்கு முன்னால். உங்கள் போனிலும் இருக்குமே, அதே சுவர்தான். சாய்ந்து ஒன்று, சாயாமல் ஒன்று, ஒரு காலை மடித்துச் சுவரில் ஊன்றி ஒன்று, கேமராவைப் பார்க்காத மாதிரி ஒன்று. குடும்பமாக, ஜோடியாக, தனியாக, பிறகு கூலிங்கிளாஸ் மாற்றிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து. காகிதப்பூ தலைக்கு மேலே வரவில்லையாம், அதற்காக இன்னொரு முறை. எங்களுக்குப் பின்னால் ஒரு தாம்பரம் குடும்பம் காத்திருந்தது, அவர்களுக்குப் பின்னால் ஒரு குரோம்பேட்டை. முட்டி உயரத்தில் சுவர் நெடுக வரிசையாகச் செருப்புத் தடம். உள்ளே ஒரு மனிதர் குடியிருக்கிறார். பால் வாங்கக் கதவைத் திறந்தவரை "சார், ஒரு நிமிஷம், ஃபிரேம்ல வர்றீங்க" என்று உள்ளே அனுப்பினார்கள். அவர் வீடு, அவர் கதவு, அவர் பால்! பிரெஞ்சுக்காரர்களே 1954 நவம்பர் 1-ஆம் தேதி ஒப்படைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். நாங்கள் கிளம்பவில்லை. அந்த மஞ்சள் பெயிண்ட் எங்கள் ஊர் ஹார்டுவேர் கடையிலேயே டப்பாவில் கிடைக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். என் மனைவி முறைத்த முறைப்பும் ஒரு படத்தில் பதிவாகியிருக்கிறது.

"தரங்கம்பாடி?" என்று மெல்ல ஆரம்பித்தேன்.

"அங்க மஞ்சள் சுவர் இருக்கா மாமா?"

"1792-இல கட்டின ஊர் வாசல் இருக்குப்பா. வெள்ளை."

"வெள்ளையா?"

வண்டி சென்னைப் பக்கம் திரும்பிவிட்டது.

நாங்கள் குடியிருப்பது சேக்கிழார் பிறந்த ஊரில். மலைமேல் முருகனைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வருகிறவர்கள் எங்கள் தெருவில்தான் காரை நிறுத்துகிறார்கள். மச்சினன் அந்தப் படி ஏறி யுகமாகிறது. இதில் ஒரு கருத்துச் சொல்ல வந்தேன், அதுவும் தரங்கம்பாடி போன வழியே போய்விட்டது.

குன்றத்தூர் நகராட்சிக்கு ஒரு வேண்டுகோள்: எங்காவது பத்தடி நீளத்துக்கு ஒரு மஞ்சள் சுவர் எழுப்பி, பக்கத்தில் ஒரு காகிதப்பூச் செடியும் நட்டுவிடுங்கள். வீட்டு வரியை ஒழுங்காகக் கட்டிவிடுகிறேன்.