காலடியில் அடித்த தவில்

கேள்வி: 2010 செப்டம்பரில் 7.1 அளவு நிலநடுக்கத்தையே தாங்கிய நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரம், அடுத்த பிப்ரவரியில் வெறும் 6.3-க்கு எப்படி நொறுங்கியது?

பதில்: அந்த ‘வெறும்’ என்ற சொல்லை முதலில் எடுத்துவிடுங்கள். தவில் ஒன்றுதான்; பந்தலில் இருப்பவருக்கும் தெருக்கோடியில் இருப்பவருக்கும் ஒரே சத்தமா கேட்கிறது? முதல் நடுக்கத்தின் மையம் நகரத்துக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில். இரண்டாவது சுமார் 10 கிலோமீட்டரில், ஆழமும் குறைவு. ஏறக்குறைய காலடியிலேயே அடித்த தவில்!

கட்டடத்துக்கு ரிக்டர் எண் தெரியாது. தன் அடித்தளத்தை நிலம் எவ்வளவு வேகமாக வெட்டி இழுக்கிறது என்பதுதான் தெரியும். 500 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய குலுக்கலைத் தாங்கு என்பதே சாதாரணக் கட்டடத்துக்கு விதி. விரிசலே விடக்கூடாது என்றல்ல, உள்ளே இருப்பவர் உயிரோடு வெளியேற வேண்டும் என்று. நகர மையத்தில் அன்று பதிவான குலுக்கல் பல கட்டடங்களுக்கு அந்த வரம்பையும் தாண்டியது. அப்படியும் புதுக் கட்டடங்களில் பெரும்பாலானவை விழவில்லை. அந்தப் பொறியாளர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

விழுந்தவற்றில் மனம் ஆறாதது சி.டி.வி. கட்டடம். இறந்த 185 பேரில் 115 பேர் அங்கேதான். 1986-இல் போட்ட அதன் வடிவமைப்பு, அன்றைய விதிக்கே பொருந்தவில்லை என்றது விசாரணை ஆணையம்.