எதா இருந்தாலும் போதும் லா

பிரிக்பீல்ட்ஸின் பெரிய சாலைக்குத் துன் சம்பந்தன் பெயரை வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து இரண்டு சந்து தள்ளி, ஏழாவது மாடியில் இருக்கும் எங்கள் வீட்டில் நடப்பது சம்பந்தியம்மா ஆட்சி. மாப்பிள்ளையின் அம்மா. ஊர் கிள்ளான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ராத்திரிச் சாப்பாட்டுக்கு வருவார்.

ஒரு வாரம் முன்பே என் மனைவி போன் போட்டுக் கேட்பாள்: "என்ன சமைக்கட்டும் சம்மந்திம்மா?"

"எனக்கென்ன சம்மந்தி, எதா இருந்தாலும் போதும் லா. ஒரு ரசம், ஒரு அப்பளம்."

இதை நம்பி முதல் தடவை ரசமும் அப்பளமும், கூட ஒரு கோழிப் பிரட்டலும் வைத்தோம். அந்தக் கதை கிள்ளானில் மூன்று கல்யாண வீடுகளில் ஓடியது.

அன்றிலிருந்து உளவு வேலை மகளுக்கு. ராத்திரி பதினொரு மணிக்கு மேல், மாமியார் தூங்கியதும், வாட்ஸ்அப்பில் கிசுகிசுப்பாள்: "ம்மா, அத்தை இப்ப கத்தரிக்கா தொடறதில்ல, அரிக்குதாம். ஆனா போடாம விட்றாதீங்க. 'கத்தரிக்கா இல்லாத சாம்பாரா'ன்னு கேப்பாங்க."

முதல் சிக்கல் நாள். செவ்வாயும் வெள்ளியும் சைவம். புரட்டாசிச் சனிக்கிழமை என்றால் கிள்ளான் சுந்தரராஜப் பெருமாள் கோயிலில் இருப்பார். தைப்பூசம் நெருங்கினால் விரதம். மூட்டுவலியால் எங்கள் வீட்டுத் தரையில் உட்கார மாட்டார். பத்துமலையின் 272 படிகளை மட்டும் ஏறிவிடுவார். கழித்துக் கூட்டிப் பார்த்தால் மிஞ்சுவது ஞாயிறு, அதுவும் அமாவாசையாக இல்லாவிட்டால்.

அடுத்து மீன். 1880-இல் சிலாங்கூரின் நிர்வாகத்தை வெள்ளைக்காரர்கள் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாற்றினார்கள். ஆபீசுதான் போனது, ருசி கிள்ளானிலேயே தங்கிவிட்டது என்பது சம்பந்தியம்மாவின் கட்சி. "கேஎல் மீன் கடலப் பாத்தே வருசமாயிருக்கும் லா" என்பார். எதற்கு வம்பு என்று போன முறை நானே கோமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளான் பசாருக்குப் போய் ஒன்றரைக் கிலோ தெங்கிரி வாங்கி வந்தேன். திரும்பும்போது பக்கத்து இருக்கைக்காரர் சுபாங் ஜெயா வருவதற்குள் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார். பொரித்து வைத்தோம். ஒரு விள்ளல் வாயில் போட்டு, கண்ணை மூடி யோசித்துவிட்டுச் சொன்னார்:

"மீனு நல்லாத்தான் இருக்கு. கிள்ளான்ல வாங்கியிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்."

மசாலாத்தூள் பற்றிப் பேச்சே இல்லை. கிள்ளான் மில்லில் அரைத்ததை அவரே டப்பாவில் கொண்டுவந்து தருவார். அடுத்த முறை வந்ததும் டப்பாவைத் திறந்து, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்பார். குறையாவிட்டால் முகம் குறைந்துவிடும்.

இப்படியாக, திங்கட்கிழமை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய பதினான்கு வகைப் பட்டியலில் வியாழனுக்குள் ஒன்பது அடிபட்டு, ஆறு புதிதாய் ஏறியிருக்கும். எல்லாத் தடவையும் அடிபடாமல் நிற்பவை இரண்டே: ரசம், அப்பளம்.

மலேசியப் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு இனிப்பு நீர் என்று 2023-இன் தேசியச் சுகாதார ஆய்வு சொல்கிறது. எங்கள் மேசையில் நாங்கள் ஆறு பேர், ஆய்வு பொய்க்கவில்லை. ஆகவே சம்பந்தியம்மாவுக்கு தே ஓ கோசோங்தான், ஒரு துளி சீனி கூடாது. பாயசம் வரும்போது "வேணாம், வேணாம்" என்று இலைக்கு மேல் கையை விரிப்பார். அந்தக் கையை வாசிக்க எங்களுக்கு ஒரு வருடம் பிடித்தது. விரல்கள் ஒட்டியிருந்தால் உண்மையாகவே வேண்டாம். விரல்களுக்கு நடுவே இலையின் பச்சை தெரிந்தால் ஊற்றலாம். இதுவரை பச்சை தெரியாத நாளில்லை.

கடைசியில் இலை. தன் பக்கம் மடித்தால் திருப்தி. வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். சம்பந்தி ஐயா எதைப் போட்டாலும் சாப்பிட்டு, எப்போதோ மடித்துவிட்டு, பல் குத்திக்கொண்டிருப்பார். அவரை யார் பார்த்தார்கள்? சம்பந்தியம்மா இலையைத் தொடுவார், நிறுத்துவார், "இன்னும் கொஞ்சம் மோர் இருக்கா?" என்பார், குடிப்பார், பிறகு தன் பக்கமாகவே மடிப்பார். "சாம்பார்தான் கொஞ்சம்..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விடுவார். போகும்போது அதே சாம்பாரையும் சேர்த்து நாலு டப்பா தப்பாவ். "காலைல பசியாற ஆகும்ல?"

போன வாரம் கிள்ளானில் எங்களுக்கு விருந்து. முந்தின ஞாயிறு சம்பந்தியம்மா போன் செய்து, என்ன சமைக்கட்டும் என்று கேட்டார்.

"எங்களுக்கென்ன சம்மந்திம்மா, எதா இருந்தாலும் போதும் லா" என்றாள் என் மனைவி. பிறகு மூச்சு விடாமல் தொடர்ந்தாள்: "இவருக்குக் காரம் ஆகாது. நண்டு நான் தொடமாட்டேன், இறால்னா பரவால்ல, பொடிசா இருக்க வேணாம். சோறு மட்டும் கொஞ்சம் உதிரியா..."

எனக்குக் காரம் ஆகாது என்பது எனக்கே அன்றுதான் தெரியும். கிள்ளான் பக்கம் யாரோ அவசரமாகப் பேனா தேடும் சத்தம் கேட்டது.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. "எதா இருந்தாலும் போதும்" என்று சம்பந்தி வீட்டில் யார் சொன்னாலும், தாளை எடுங்கள். இரண்டு பக்கமும் எழுதக்கூடிய தாளாக இருக்கட்டும்.